வாய் நிறைய மாவு

ஸ்பெயினின் எஸ்தேப்பா ஊரில் டிசம்பர் வெயில் சாப்பாட்டு மேசை மேல் சாய்ந்து கிடக்கிறது. அத்தை அசுன்சியோன், தொட்டால் உதிரும் மாவு பிஸ்கட்டான பொல்வொரோன் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள். ஆளுக்கொன்று எடுத்து, காகிதம் பிரிக்காமலே உள்ளங்கையில் வைத்து இறுக்குகிறோம். இறுக்காமல் பிரித்தால் அத்தனையும் பொடியாக உதிர்ந்துவிடும். அப்பாவின் கை மடங்காது. அவருடையதை நான் இறுக்கி, ஒரு விள்ளல் மட்டும் ஊட்டுகிறேன். வசந்தத்தில் பக்கவாதம் வந்து பேச்சு குழறியதிலிருந்து அவர் வெட்கப்பட்டு வாயே திறப்பதில்லை. நாளை நான் ஜெர்மனிக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அவர் குரலைக் கேட்காமலே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. "யாரும் முழுங்கக் கூடாது! வாயில வெச்சுக்கிட்டே பம்ப்லோனான்னு ஊர் பேரச் சொல்லணும். அராசெலி, வாயக் காட்டுடி!" என்று என்னை அதட்டுகிறாள் அத்தை. மாமா "ஃபம்ஃபோ" என்றதும் மேசையெங்கும் மாவு பறக்கிறது. "இப்பதானய்யா துடைச்சேன்! மீசை வெச்சவங்களுக்கு இந்த ஆட்டமே கெடையாது." சிரிப்புக்கு நடுவே அப்பா மெல்ல, "ஃபஃபோ... னா," என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறோம். "எங்களவிட நீதான்டா தெளிவாச் சொன்ன!" என்று அத்தை அவர் தோளைத் தட்டுகிறாள். அப்பா முகம் மலர்கிறது. சோம்பு மதுவைக் குடித்து மாவை விழுங்கியதும் எங்கள் பேச்செல்லாம் தெளிந்துவிடுகிறது. அப்பாவும் தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "அஹா... ஹெ..." என்று என் பெயரை ஆரம்பிக்கிறார். அவர் வாயில் மாவு இல்லை. சிரிப்பு நின்றுபோகிறது. நான் இன்னொரு பொல்வொரோனை அவசரமாகப் பிரிக்கிறேன். இறுக்க மறந்ததால் பாதி மடியில் உதிர்கிறது. மீதியை வாய் நிறையத் திணித்துக்கொண்டு, "அஃஃபா," என்று பதில் சொல்கிறேன்.