கரடி மேல் பத்தாவது புகார்

"இன்னிக்கும் அதே போன் சார். 'கரடி இனிமே டிவியில வரவே கூடாது'ன்னு ஒரே பிடிவாதம்."

குழந்தைகள் சேனலில் புகார் போன் எடுக்கும் பெண் இதைச் சொன்னது கரடிக்காரரிடம். தினமும் நாலு மணிக்கு வரும் அணில்-கரடி கார்ட்டூன் தொடரில் கரடிக்குக் குரல் கொடுப்பவர் அவர்தான். அந்தக் கரடியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள்.

"இதோட ஒன்பது. இன்னும் ஒண்ணு வந்தா கரடியைத் தூக்கிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார் சார்."

"யாரு பேசறது?"

"சின்னப் பொண்ணு குரல்."

"சின்னப் பொண்ணா! இந்த ஆபீஸ்ல சின்னப் பொண்ணு குரலுக்கு என்ன வயசுன்னு எனக்குத் தெரியாதா?"

அணிலுக்குக் குரல் கொடுக்கும் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. கேன்டீனுக்கே போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா குரல்ல போன் பண்ணி என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே, நல்லாயிருக்கா?"

"அடக் கடவுளே, நானா? உங்களை அடிக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளமே! நீங்க போயிட்டா நான் யாரைப்பா அடிப்பேன்?"

அந்த அம்மா கரடியாய்க் கத்தியும் கரடி நம்பவில்லை.

மறுநாள் நாலரை மணி. தொடர் அப்போதுதான் முடிந்தது. அன்றைக்கு அணில் துடைப்பத்தாலேயே கரடியைச் சாத்து சாத்தென்று சாத்தியிருந்தது. புகார் மேஜையை ஒட்டி நாற்காலியைப் போட்டு, அணில் அம்மாவையும் எதிரே உட்கார வைத்திருந்தார் கரடிக்காரர்.

"இப்ப எப்படி போன் வருதுன்னு பார்த்துடறேன்."

வந்தது!

அணில் அம்மாவோ வாய் நிறைய பிஸ்கெட்டோடு 'நான் இல்லை' என்று கையை ஆட்டினார். கரடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் இது யார்?

யாராக இருந்தாலும் சரி, இனிமேல் இந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. ரிசீவரைப் பிடுங்கி, அடித்தொண்டையிலிருந்து கரடிக் குரலை எடுத்தார்.

"யார்ரா அது, என்னைத் துரத்தப் பாக்கறது?"

மறுமுனையில் ஒரு விசும்பல்.

"அப்பா! நீயா? தினமும் உன்னைப் போட்டு அடிக்கிறாங்களே, இந்த வேலையே வேணாம்ப்பா... துடைப்பத்தால அடிச்சது இன்னும் வலிக்குதா?"