மழை லீவு

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வாசலில் எல்லாரும் செல்போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போர்மேன் கருப்பணனும் தன் போனைப் போட்டார். செல்வலட்சுமி மட்டும் இன்னொரு போனைக் கையில் வைத்திருந்தாள்.

“அது யாருது?”

“எம்மக ஓவியாவோடது அண்ணாச்சி. எட்டாப்பு படிக்கா. போன்ல பழகுனவன் பேரு அகிலாம், காலேஜ் பையனாம். போட்டோ அனுப்புன்னு மிரட்டுதான். புள்ள சோறு திங்க மாட்டேங்கா.”

“பதினெட்டு வயசு ஆகாம, ஆத்தா அப்பன் சம்மதம் இல்லாம இந்தச் சாட்டிங் ஆப்புல எல்லாம் சேரக் கூடாதுன்னு சட்டமே வருது. வயசக் கூட்டிப் போட்டுச் சேந்திருப்பா. நீ கண்டிச்சு வளத்திருக்கணும்.”

“என் தப்புதான். ஆனா அவன விடமாட்டேன்.”

“எங்கன போயித் தேடுவ?” கருப்பணன் சிரித்தார்.

“பகல்ல அவன் பேசுறதே இல்ல அண்ணாச்சி. மழைக்கு நம்ம கம்பெனி லீவு விட்ட அன்னைக்கு மட்டும் காலையிலருந்தே பேசியிருக்கான்.”

கருப்பணன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். செல்வலட்சுமி மகள் போனிலிருந்து அகிலுக்குக் கால் போட்டாள். பெட்டிக்குள் கருப்பணன் போன் அலறியது. அவர் பாய்ந்து கைநீட்டுவதற்குள், வேலைக்கு வேனில் வந்திறங்கிய பெண்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றாள் செல்வலட்சுமி. “போலீசு வந்து எடுத்துக்கிடுவாக. அவுக வண்டி ஆமத்தூர் தாண்டிருச்சாம்.”