சார்ந்திருப்பவர் விவரம்

என் மனைவிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். ஆபீஸில் எனக்குக் கீழே வேலை செய்யும் பதினான்கு பேரையும் நிற்க வைத்து, பெண்கள் படிக்க வேண்டியதன் அவசியம் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பாவம், அவர்களும் கை தட்டினார்கள்.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது.

"முதல் வருஷம் எல்லாரும் உள்ள இருக்கற ஹாஸ்டல்லயே தங்கணுமாம். கட்டாயமாம்," என்றாள் மனைவி. "வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு விடுவாங்களாம்."

"உனக்கு நாப்பத்தெட்டு வயசு. பஸ் ஏறினா இருபது நிமிஷம். உனக்கு எதுக்கு ஹாஸ்டல்?"

"சொல்றாங்களே, நான் என்ன பண்ணட்டும்?" குரல் கம்மியிருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. பதினெட்டு வயசுப் பெண்ணோடு ஒரே அறை, வராந்தாக் கோடியில் பொதுக் குளியலறை. இவள் எப்படித் தாங்குவாள்?

"நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"வேணாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

என் மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப் போனேன். லீவு போட்டுவிட்டு நேராக ஹாஸ்டல் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் சின்னப் பிள்ளைகள்.

"என்ன விஷயம் சார்?" கவுண்ட்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எங்க வீட்டுலருந்து முதல் வருஷம் சேர்ந்திருக்காங்க. ஹாஸ்டல் வேணாம், வீட்டுலருந்தே வந்து போகணும்."

"அதுக்கு மூணே காரணம்தான். உடம்பு முடியாதவங்களா இருக்கணும், கைக்குழந்தை இருக்கணும், இல்ல அவங்களையே நம்பி வீட்டுல யாராவது இருக்கணும்."

முதல் இரண்டும் தேறாது. மூன்றாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நம்பி ஒருத்தர் இருக்கார்."

ஒரு படிவத்தை எடுத்தார். "சார்ந்திருப்பவர் வயசு?"

"அம்பத்திரண்டு."

"படுத்த படுக்கையா?"

"இல்ல, நல்லா நடப்பார்."

"தானா சமைச்சு சாப்பிடுவாரா?"

"சுடுதண்ணி வைப்பார்."

'முடியாது' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது.

"துணி துவைச்சுப்பாரா?"

"மெஷின் இருக்கு. எந்த பட்டனை அமுக்கணும்னு தெரியாது."

இன்னொரு டிக்.

"மாத்திரை ஏதாவது?"

"பிரஷருக்குக் காலையில ஒண்ணு."

"பேரு?"

"வெள்ளையா, சின்னதா இருக்கும். அவங்களே எடுத்துக் கையில குடுத்துடுவாங்க."

"தன்னோட சாமான் எல்லாம் எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"கேட்டா சொல்லுவாங்க."

எல்லாக் கட்டத்திலும் டிக். பரீட்சையில் பாஸானவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன். கவுண்ட்டர் அம்மா உச்சுக் கொட்டினார்.

"ஐயோ பாவம். எத்தனை வருஷமா இப்படி?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "யாரு சார் அது?"

"நான்தான்."

பின்னால் நின்ற பெண் களுக்கென்று சிரித்தாள். "அங்கிள், பேசாம நீங்க ஹாஸ்டல்ல சேர்ந்துடுங்க. சாப்பாடு, துணி எல்லாம் இங்க அவங்களே பார்த்துப்பாங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

"அப்ப சேர்ந்திருக்கறது உங்க பொண்ணா?"

"மனைவிங்க," என்று அட்மிஷன் நம்பரைச் சொன்னேன்.

தட்டிப் பார்த்தவர், "ஓ, இவங்களா?" என்றார். "சார், இருபத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்கு ஹாஸ்டல் கட்டாயமே கிடையாது. கேட்டாலும் லேசுல குடுக்க மாட்டோம். இவங்க மூணு தடவை நேர்ல வந்து, மனு எழுதிக் குடுத்துல்ல ரூம் வாங்கினாங்க."

"மனுவுல என்ன எழுதியிருக்கா?"

படித்துக் காட்டினார். "'வீட்டில் இருந்தால் என்னால் படிக்க முடியாது. அதை வீட்டில் சொல்லவும் தைரியம் இல்லை. கட்டாயம் என்று சொல்லிக்கொள்கிறேன். யாராவது வந்து கேட்டால் தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.'"

கடைசி வரியைப் படித்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளைகள் சிரித்ததற்காக இல்லை. என்னிடம் ஒரு தடவை வாய் திறந்து கேட்க முடியாதவள், முன்பின் தெரியாத இந்தக் கவுண்ட்டரில் மூன்று தடவை வந்து கெஞ்சியிருக்கிறாள்.

"இந்தப் படிவத்தை என்ன சார் பண்ணட்டும்?"

"கிழிச்சுப் போட்டுடுங்க. மனுவை நீங்க படிச்சுக் காட்டினது அவளுக்குத் தெரிய வேணாம்."

வீட்டுக்குள் நுழையும்போதே புலம்பலை ஆரம்பித்தேன். "சரியான கல்நெஞ்சக்காரங்க. எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன், மசியவே இல்ல. நீ போய்த் தங்கித்தான் ஆகணும்."

மனைவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "உங்களை விட்டுட்டு எப்படிங்க இருப்பேன்?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

இவள் இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது.