கை மாறாத கிண்ணம்

ஹெந்தல் சூப் கிண்ணத்தை மேசையில் வைக்கவில்லை. கணவன் மெனாஷேயின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

மெனாஷே கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

விலக்கான நாட்களில் மனைவி கையிலிருந்து கணவன் எதையும் நேராக வாங்கக் கூடாது. உப்பானாலும் சரி, சாவியானாலும் சரி, அவள் கீழே வைக்க வேண்டும். அப்புறம் அவன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெருசலேமின் அந்த யூதர் சந்தில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. மற்ற வீடுகளில் மாதத்தில் பாதிதான் இந்த விலகல். இங்கே அனேகமாக மாதம் முழுவதும்.

எதிரே மாமியார் பெஸ்யா ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிவிட்டது, இனி மலடியைத் தள்ளிவைத்தால் ஏனென்று கேட்க நாதியில்லை என்று அவள் வாய்விட்டே பேச ஆரம்பித்திருந்தாள். சஃபேத் ஊரில் மகனுக்கு ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தாள்.

பிள்ளை எங்கிருந்து வரும்?

உதிரம் நின்றபின் ஏழு நாள் சுத்தமாகக் கழிய வேண்டும். தினமும் வெள்ளைத் துணியால் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் அந்தி சாய்ந்தபின் சடங்குக் குளத்தில் முழுகினால்தான் விலக்கு தீரும். ஹெந்தலுக்கு ஒவ்வொரு மாதமும் அந்தத் துணியில் லேசாக ஒரு கறை தெரியும். அது எந்த வகைக் கறை என்பதை மதகுருவான ரப்பிதான் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். துணியை உறையில் போட்டு மேசையில் வைப்பாள். மெனாஷே எடுத்துக்கொண்டு போவான்.

திரும்பி வந்து ஒரே பதில்தான் சொல்வான். ரப்பி ஆகாது என்றுவிட்டார், முதலிலிருந்து எண்ணு.

அவள் மறுபடி எண்ணி முடித்து முழுக்குப் போடுவதற்குள் கரு தங்கும் நாட்கள் போய்விடும். ரப்பி சொன்னபிறகு யார் என்ன பேச முடியும்? அவள் தன் உடம்பைத்தான் திட்டினாள். பாழாய்ப்போன உடம்பு என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அடுத்த கட்டிலில் அவன் நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

இந்த மாதமும் உறை போனது. அதே பதில் வந்தது.

"கீழ வை," என்றான் மெனாஷே. "மறுபடி எண்ணச் சொல்லி ரப்பி சொன்னாருன்னு சொன்னேன்ல? அதுக்குள்ள என்ன திமிரு உனக்கு?"

பெஸ்யாவின் கண் மருமகளின் பிடரிக்குப் போனது. தலைத்துணிக்குக் கீழே கழுத்தெல்லாம் ஈரம். அந்தி சாய்ந்ததும் ஒருத்தி ஈரத்தலையோடு வீடு திரும்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? ரப்பி வாக்கை மீறி முழுகிவிட்டு வந்திருக்கிறாளே, என் மகனைப் பாவத்தில் தள்ளப் பார்க்கிறாளே என்று ஆடித் தீர்த்தாள். நாளைக்கே மணவிலக்குப் பத்திரம் எழுதச் சொல்வதாகக் கத்தினாள்.

ஹெந்தலுக்கு விரல் சுட்டது. கிண்ணத்தை இறக்கவில்லை.

"இந்த மாசம் எனக்குக் கறையே படல," என்றாள். "அந்த உறைக்குள்ள நான் வச்சது கடையில வாங்குன புதுத் துணி. மடிப்புகூடப் பிரிக்கல. அதப் பாத்து எந்த ரப்பி ஆகாதுன்னு சொன்னாரு?"

பெஸ்யா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

மெனாஷே ஒருமுறை அம்மாவைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தை வாங்க அவசர அவசரமாக இரண்டு கைகளையும் நீட்டினான்.

ஹெந்தல் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.