ஸ்டேஷனுக்கு ஒரு சிஸ்டர்

பாரிஸிலும் ஆள் கிடைத்துவிட்டது.

சுடர்விழி தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மாவோ சோபாவில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, ஏதோ திருச்சி ஜங்ஷனுக்கு ஆள் அனுப்பச் சொல்கிற மாதிரி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க சிஸ்டர், என் மவதான். வேலைக்கு லீவு போட்டுட்டு ரயிலேறி ஊர் பாக்கப் போறாளாம். ஸ்டேசனுக்கு வந்து ஒரு வாய் சோத்தக் குடுத்து ஏத்திவிட்டுருங்க."

பத்து வருஷம் சென்னையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவள் சுடர்விழி. தெரிந்த முகம் எதையும் பார்க்காமல், லிஸ்பனில் ஏறி இஸ்தான்புல் வரைக்கும் ஜன்னலோரமாகத் தனியாகப் போக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. சொத்தையா எழுதிக் கேட்டாள்?

ஆனால் ஆவூரில் பிறந்துவிட்டு எங்கே போய்த் தனியாக இருப்பது! வீட்டுக்கு ஒரு சிஸ்டர், தெருவுக்கு ஒரு சாமியார் என்று உலகம் பூராவும் அனுப்பி வைத்திருக்கிற ஊர். மாட்ரிட்டில் ஒரு ஃபாதர். மியூனிக்கில் நர்ஸாக இருக்கிற ராயப்பன் மாமா மகள். வியன்னாவில் கேட்கவே வேண்டாம், ஒரு மடமே இருக்கிறதாம்.

புடாபெஸ்டில் மட்டும் யாரும் இல்லை என்று நேற்று சந்தோஷப்பட்டிருந்தாள். காலைப் பூசைக்குப் போய்வந்த அம்மா அங்கேயும் ஒருத்தரைக் கண்டுபிடித்துவிட்டாள். படிக்கப் போன பையனாம். அவனுக்கு மிளகாய்ப்பொடி வேணுமாம்.

அப்பா இன்னாசிக்குப் பரம திருப்தி. கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்கிற மனுஷர். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாமியாரும் சிஸ்டருமா பாத்துக்கிருவாங்க, அப்பறமென்ன. போயிட்டு வரட்டும்" என்றார்.

சுடர்விழி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "நான் என்ன பிஷப்பா, ஸ்டேசனுக்கு ஸ்டேசன் வரவேற்பு குடுக்க? நான் எங்கயும் போகல, ஆளை விடுங்க!"

அப்பா சிரித்துக்கொண்டே மோட்டார் போடக் கொல்லைக்குப் போனார்.

அவர் அங்கிட்டுப் போனதுதான் தாமதம், அம்மா போனை மடியில் வைத்தாள். அத்தனை நேரம் ஊருக்கே கேட்ட குரல் அப்படியே இறங்கிப் போயிற்று.

"மியூனிக்குலேருந்து வியன்னா போற வண்டி லின்சுல நிக்குமாம்ல?"

அப்படி ஒரு ஊரை சுடர்விழி கவனித்ததே இல்லை. லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். நின்றது.

"அங்க யாரும்மா?"

அம்மா ஒருதரம் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "எறங்கக்கூட வேணாம்டி. ரெண்டு நிமிசம் நிக்குமாம். கதவுகிட்ட வந்து நில்லு. அவ ஒன்னையக் கண்ணால பாத்துட்டுப் போயிருவா."

செபமாலை சித்தி.

அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. சுடர்விழி சின்ன வயதில் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளைக் கவுனுக்கு ஊக்குக் குத்திவிட்டவள். அப்போது சித்தியும் சிஸ்டர்தான். வெளிநாட்டு மடத்துக்குப் போய், அங்கிருந்து வெளியே வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று சேதி வந்த நாளிலிருந்து அப்பா அந்தப் பேரை இந்த வீட்டில் எடுக்க விட்டதில்லை. அம்மாவும் எடுத்ததில்லை.

இப்போதும் எடுக்கவில்லை.

கொல்லையில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. அப்பாவின் செருப்புச் சத்தம் இங்கிட்டு வந்தது. அம்மா அவசர அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சுடர்விழி அம்மாவின் பக்கம் குனிந்தாள். "நான் எறங்குவேன்" என்றாள், அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி.

அப்புறம் அப்பா உள்ளே கால் வைக்கும்போது, அதே பழைய எரிச்சலோடு கத்தினாள்.

"சரி சரி, ஒன் இஷ்டம்! எல்லாரையும் வரச் சொல்லு. ஒரு ஸ்டேசன் விடாம."