துணைக்கு ஒரு அழைப்பு

“இன்னிக்கும் வரலையா? மொத்த வகுப்பும் கிளம்பிடுச்சுடி” என்றாள் அறைத்தோழி, ஷூவை மாட்டிக்கொண்டே.

“படிக்கணும்” என்றாள் அவள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

மேசையில் புத்தகங்கள்மேல் சாய்த்திருந்த செல்போனில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. படிக்க வெளிநாடு வந்த நாள்முதல் சாயங்காலமானால் இதே கதைதான். கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். அறைத்தோழி ஒருத்திதான் இன்னும் விடாமல் கூப்பிடுகிறாள்.

“கடல் தாண்டி வந்தும் அம்மா முந்தானையை விடலையே நீ! இரு, நானே பேசறேன். ஆன்ட்டி, இவளைக் கொஞ்சம்...”

போனைப் பறித்தவள் அப்படியே நின்றாள். அங்கே நடுராத்திரி. விடிவிளக்கு வெளிச்சத்தில், பெரிய கட்டிலின் ஓரத்தில் அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கசங்காத இன்னொரு தலையணை.

“அப்பா தவறினதிலேருந்து அவங்களுக்குத் தனியாத் தூக்கம் வர்றதில்ல.”

“அதான் போனை வைக்காதேன்னு கெஞ்சினாங்களா?”

“அவங்களா கெஞ்சுவாங்க? எனக்குத்தான் இங்க தனியா இருக்கப் பயமா இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாவம், எனக்குக் காவல் இருக்கறதா நெனச்சுத் தூங்கறாங்க.”