தந்தை பெயர்

ஊர்ப் பொது அறக்கட்டளையின் செயலாளர் உதவி கேட்டு வந்த ஆறு விண்ணப்பங்களை மேஜையில் பரப்பினாள். எதிரே அச்சகக்காரர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். அச்சகத்தை விற்ற பணத்தைக் கொடுக்க வந்திருந்தார்.

“நூலகத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாமே சார்?”

“இந்த நர்சிங் பொண்ணு படிப்புக்கு மட்டும் போகட்டும்மா,” என்று ஒரு விண்ணப்பத்தைத் தொட்டார்.

“நல்லா படிக்கிற பொண்ணுதான். அம்மா தையல் வேலை செஞ்சு படிக்க வைக்கிறாங்க. ஆனா அப்பா பேரு எழுதற இடத்துல ‘காலமாயிட்டார்’னு மட்டும் எழுதியிருக்கா. இறப்புச் சான்றிதழ் வைக்கலை. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. பொய்யா இருந்தா கமிட்டி ஒத்துக்காது சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொய்தான்மா. ஆனா தப்பு அவ மேல இல்லை. அவளுக்கு எட்டு வயசு இருக்கும்போது அவளையும் அவ அம்மாவையும் நடுத்தெருவுல விட்டுட்டு இன்னொருத்தியோட போனவன் நான்தான். அப்புறம் மூணு தடவை பணம் கொண்டு போனேன். கதவைத் திறக்கலை.”

செயலாளர் அந்த விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவகிட்ட நான் பேசிப் பார்க்கட்டுமா சார்?”

“வேண்டாம்மா. நான் குடுத்ததுன்னு தெரிஞ்சா தொட மாட்டா. கமிட்டி எப்போ கூடுது?”

“மூணு மாசம் ஆகும்.”

“அப்போ கவலை இல்லை. சான்றிதழ் அதுக்குள்ள வந்துடும். டாக்டர் எனக்கு ரெண்டு மாசம்தான் சொல்லியிருக்கார்.”